விருந்தாளிக்கு நல்ல உடுப்பு

ஜூன் 2, செவ்வாய்

இந்த மலையில் ஜூனில்தான் குளிர்காலம்; மாதம் பிறந்த கையோடு உறைபனி வந்துவிட்டது. காலையில் கரும்பலகையைத் துடைக்கப் போனால் ஈரத் துணி விறைத்து நிற்கிறது. முதல் வகுப்பு ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி இல்லை. போன வருடம் வைத்து அடைத்த அட்டையைக் காற்று தின்றுவிட்டது. கல்வி அலுவலகத்தில் இந்த முறையும் போய்க் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் அறையில் ஹீட்டர் எரிகிறது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

திரும்பும்போது நிகாசியா வழியில் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் லுஸ்மிலா போன குளிருக்கு நிமோனியாவில் கிடந்து பிழைத்தவள். இந்த வருடமும் இருமினால் கீழே காப்பித் தோட்டத்தில் இருக்கும் தன் அக்காவிடம் அனுப்பிவிடப் போகிறாளாம். அங்கே குளிர் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. ஆறு வயதில் காப்பிக்கொட்டை பறிக்கப் போவாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எழுத்து முக்கியமா, உசிரு முக்கியமா?"



ஜூன் 8, திங்கள்

தலைநகர் லிமாவிலிருந்து ஒரு தர்ம சங்கம் போன் செய்தது. குளிர்கால உதவி என்று மலைப் பள்ளிகளுக்கு வருகிறார்களாம். தலைவி பெயர் ஃபியொரெல்லா. போர்வை வேண்டாம் என்றேன். இங்கே எல்லா வீட்டிலும் அல்பாக்கா ரோமப் போர்வை உண்டு, பிள்ளைகள் வீட்டில் விறைப்பதில்லை, என் வகுப்பில்தான் விறைக்கிறார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடியும் அறையைச் சூடாக்க ஒரு இரும்பு அடுப்பும் போதும். "கண்டிப்பா செல்லம்" என்றாள். நாற்பத்தாறு வயதில் யாருக்கோ செல்லமாகியிருக்கிறேன்.

நிகாசியாவிடம் சொன்னேன். அடுப்பு வரட்டும், அப்புறம் யோசிப்போம் என்று தோட்டப் பேச்சைத் தள்ளிவைத்தாள்.

ஜூன் 13, சனி

பெற்றோர் கூட்டம். தலைவர் ஹிலாரியோ ஒரு ஆடு தருகிறார். என்ன சமைப்பது, யார் பரிமாறுவது என்பதிலேயே பொழுது போயிற்று. உடுப்பைப் பற்றிப் பேச்சு எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் இல்லை. விருந்தாளி வந்தால் பெட்டியில் இருப்பதில் நல்லதை எடுத்து உடுத்துவோம், பிள்ளைகளுக்கும் உடுத்திவிடுவோம். கந்தலோடு போய் ஒருவர் முன் நிற்பது அவரை அவமதிப்பது. நானும் இந்த மலையில் பிறந்தவள்தானே, எனக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை.

ஜூன் 17, புதன்

வரவில்லை. லிமாக்காரர்கள் நாளை மறுநாள்தான் வருவார்களாம். உரித்த ஆடு உத்தரத்தில் தொங்குகிறது. நல்லவேளை, இந்தக் குளிரில் கெடாது.

ஜூன் 19, வெள்ளி

வந்தார்கள். 

ஒரு கார், பின்னால் லாரி. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பூத்தையல் போட்ட சட்டை, குஞ்சம் வைத்த தொப்பி, தேய்த்துக் கழுவிய கன்னம், துடைத்த பூட்ஸ். எனக்கே பெருமையாக இருந்தது. ஃபியொரெல்லா இறங்கினாள், பார்த்தாள், முகம் தொங்கிப்போயிற்று. என்னை ஓரமாக இழுத்தாள்.

"என்ன செல்லம் இது, திருவிழாவுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க? கஷ்டப்படறவங்க மாதிரியே இல்லையே. இந்தப் படத்தைப் பார்த்து யாரு நன்கொடை தருவாங்க?"

கண்ணாடி எங்கே என்றேன். அடுத்த முறையாம். அடுப்பு? அதுவும் அடுத்த முறை. லாரியில் இருந்தது காகிதம் போல மெல்லிய பாலியெஸ்டர் போர்வைகள், ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில். அப்புறம் மூட்டை மூட்டையாக லிமாக்காரர்கள் கழித்துப் போட்ட துணி. ஒன்றைப் பிரித்தேன். நீச்சல் உடை. அக்குளில் வேர்வைக் கறையோடு பளபளக்கும் விருந்து கவுன். யாரோ போட்ட உள்ளாடை, துவைக்காமல். ச்சீ. தண்ணீர்த் தொட்டியே உறைந்து கிடக்கும் ஊருக்கு நீச்சல் உடை.

எங்கள் பெண்கள் தரையில் நெய்த துணியை விரித்துக் கறியும் பாலாடைக்கட்டியும் சூன்யோவும் பரப்பினார்கள். சூன்யோ இந்த வாரம் உறைபனியில் போட்டு மிதித்து எடுத்த உருளைக்கிழங்கு, அதற்காக விடியலில் வெறுங்காலோடு மிதித்தவர்கள் அவர்கள். வந்தவர்களில் ஒருத்தன் ஒன்றை எடுத்து முகர்ந்தான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாயிடம் போட்டான். எல்லாரும் பார்த்தோம்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் தினசரி உடுப்பில் நின்றால்தான் பொருள் கொடுப்போம் என்று ஹிலாரியோவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனுஷரும் தலையாட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரமில்லை, போட்டிருப்பதைக் கழற்றினால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. நான் போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்தேன், நிகாசியா பரிமாறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் பின்பக்கம் போனால் — லுஸ்மிலா. ஸ்வெட்டர் இல்லை, பூட்ஸ் இல்லை. வெயில் படாத சுவரோரம், பனி உருகாத மண்ணில் வெறுங்காலோடு. கன்னத்தில் மண்ணைத் தடவியிருந்தார்கள். கேமராக்காரன் அவளைச் சிரிக்காதே, சிரிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்கே சிரிக்கிறது, அவளுக்குப் பல்லு கிட்டிப்போயிருந்தது.

கத்தினேன். நாய்களா என்று கத்தியதாக ஹிலாரியோ சொல்கிறார். சொல்லியிருப்பேன். நாய்களிடம் வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன்.

நிகாசியா ஓடிவந்தாள்.  சுமை கட்டும் முதுகுத் துணியை அவிழ்த்து மகளைச் சுற்றினாள், அந்தக் கால்களைத் தன் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, தனக்குக் கொடுத்த போர்வையை மடித்துக் கொண்டுபோய் லாரியிலேயே வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வைத்தார்கள். மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

லுஸ்மிலாவுக்கு இருமல் தொடங்கிவிட்டது.

ஜூன் 24, புதன்

பால் லாரியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே நிமோனியா. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் கொண்டுபோன சூப்பை நிகாசியா குடித்தாள். அடுப்பு வந்துவிட்டதா என்று கேட்டாள். குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா? தெரியவில்லை. இல்லை என்றேன்.

ஜூன் 27, சனி

ஃபியொரெல்லா போன் செய்தாள், தேன் ஒழுகும் குரலில். லுஸ்மிலாவின் படம் அற்புதமாக வந்திருக்கிறதாம். பெரிய கம்பெனி ஒன்று தன் விளம்பரத்துக்குக் கேட்கிறதாம். அம்மா சம்மதித்தால் ஒரே வாரத்தில் கண்ணாடியும் அடுப்பும் வந்துவிடும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றேன்.

"அய்யோ பாவம். அங்க வச்சும் ஒரு படம் எடுத்து அனுப்புறீங்களா?"

 போனைத் தூக்கி அடுப்பில் போட்டிருப்பேன், அடுப்புதான் இல்லையே.

ஆனா போனை வைக்கலையே நான். யோசிச்சுச் சொல்றேன்னுதானே சொன்னேன். வகுப்பு பூரா பிள்ளைங்க, ஆகஸ்ட் வரைக்கும் குளிர் இருக்கு, ஒரு படம்தானேன்னு மனசு பேரம் பேசுது. அவள் மேல் வந்த அருவருப்பைவிட இது பெரிய அருவருப்பு.

ஜூன் 28, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறாள்.

நிகாசியாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அடுப்பு எல்லாப் பிள்ளைகளுக்குமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மகளின் தலையைக் கோதிவிட்டாள்.

"படம்தானே, போட்டுக்கட்டும் டீச்சர். ஆனா வேற எடுக்கச் சொல்லுங்க. எம்பொண்ணு நல்ல சட்ட போட்டு, தொப்பி வச்சு, பூட்ஸ் மாட்டிக்கிட்டு நிப்பா. அதப் போடட்டும். சம்மதம்."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே லிமாவுக்கு அப்படியே சொன்னேன். ஃபியொரெல்லா சிரித்தாள். நான் வேடிக்கை செய்யவில்லை என்று புரிந்ததும் போனை வைத்துவிட்டாள். போகட்டும். வெகு நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

காலையில் ஹிலாரியோ கழுதைகளின் மேல் மண்கல் ஏற்றிக்கொண்டு வந்தார். தன் புதுச் சமையலறைக்கு என்று அறுத்துக் காயவைத்திருந்த கற்கள். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலடியில் இறக்கினார். பின்னாலேயே ஊர் வந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல் எல்லாவற்றையும் கட்டி அடைத்துவிட்டார்கள். ஒன்றில் மட்டும் வெளிச்சத்துக்குப் பிளாஸ்டிக் தாள். அறை இருண்டுவிட்டது, ஆனால் காற்று நின்றுவிட்டது. எழுத்து வேலையை மத்தியானம் வெயில் விழும் சுவரோரம் வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் இதை விட்டுவிட்டு லிமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, திங்கள்

லுஸ்மிலா வந்துவிட்டாள், பாதியாக இளைத்து. நிகாசியா உள்ளே வந்து அடைத்த சுவரைத் தட்டிப் பார்த்தாள், இடுக்கில் கையை வைத்துப் பார்த்தாள். மகளை உட்கார வைத்துவிட்டுப் போனாள். காப்பித் தோட்டப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

பிள்ளைகளுக்கு எடை பார்க்க நர்ஸ் வந்திருந்தாள். நல்ல பெண். அடைத்த ஜன்னல்கள் பிடித்துப்போய், மற்றப் பள்ளிகளுக்குக் காட்டலாம் என்று போனை உயர்த்தினாள், படத்தில் பிள்ளைகளும் இருக்கட்டும் என்றாள்.

 முதல் வரிசையில் லுஸ்மிலா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்தான், அவனும் குனிந்தான். அப்புறம் வகுப்பு முழுக்க, சத்தமே இல்லாமல். கடைசி வரிசையில் ஒருவன் ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

படம் வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கயிறு கட்டிவிட்டேன். லுஸ்மிலாவுக்குக் கட்டும்போது அவள் என் பக்கம் குனிந்தாள்.

"கன்னத்துல மண்ணு தடவணும்ல டீச்சர்?"

மரியாதையாகத்தான் கேட்டாள்.