ஊசியா கத்தியா

உக்குவளை
18.11.1997

என் அருமை மகள் மஸூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே சாப்பிட்டுக் குடித்து இருக்கிறோம். குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாங்கு சொல்லி முடித்தும் கேட்கிறேன். உன் கடிதம் வந்து நெடுநாளாகிறது. வேலை செய்யும் வீட்டு மெடம் எழுத விடவில்லையா, வாப்பாவோடு கோபமா?

உன் மகள் றஹீமாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஸ்கூலில் உம்மாவைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். அவள் தன்னைப் பார்த்துக்கொள்ளும் கைறுன்னிஸா மாமியைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாள். மிஸ் கேட்டதற்கு, “எங்கட உம்மா போட்டோவில ஈக்கிறாங்க” என்றாளாம். இது உனக்குப் போக வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்று இதை எழுதும் மாஸ்டரிடம் சொன்னேன். பேனையால் எழுதியதை வெட்டினால் அசிங்கம் என்கிறார்.

எனக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் கொஞ்சம் நோவு. மழைக்காலம்தானே. பள்ளிவாசல் படி ஏறும்போது பிடிக்கும், பிறகு விட்டுவிடும். உன்னைக் கடல் தாண்ட வைத்த அந்த வருத்தம் மகரகம ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடித்ததோடு போய்விட்டது. சித்திரையில் உன் இரண்டு வருடம் முடிகிறது. நீ போன அன்று உடுத்திருந்த பச்சைச் சாரியும், பஸ்ஸில் இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, மறதி இல்லை. வந்துவிடு மகள்.

துஆவுடன்
வாப்பா இத்ரூஸ்
(பெருவிரல் அடையாளம்)

பிள்ளை மஸூதா, இதை எழுதுவது விஜயரத்தினம். நான் ரயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலம் தொட்டு வாப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறேன். என் சொல் ஒன்றையும் சேர்த்ததில்லை. இன்று அவருக்குத் தெரியாமல் சேர்க்கிறேன். இது மழைக்கால நோவு இல்லை. அதே புரொஸ்டேட் புற்று திரும்பி வந்து முதுகெலும்பைப் பிடித்திருக்கிறது. கண்டி டொக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, மாதம் ஒரு ஊசி. அதைக் கொழும்பில் விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆயுள் முழுக்கப் போட வேண்டும். மற்றது, விதைகள் இரண்டையும் எடுத்துவிடும் ஒப்பரேஷன். அது ஆஸ்பத்திரியில் இலவசம். இரண்டும் செய்வது ஒரே வேலைதான். நோயை அழிக்காது, அடக்கி வைக்கும். இவர் இரண்டும் வேண்டாம், நோவுக்குக் குளிசை போதும் என்று நிற்கிறார். கேட்டால், “மகள் எனக்காக ஒரு தரம் போனது போதும்” என்கிறார்.


குவைத்
20.12.1997

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். மாஸ்டர், இதை ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

வாப்பா, மாஸ்டரோடு கோபிக்க வேண்டாம். அவர் எழுதியிருக்காவிட்டால் நான் சித்திரையில் சொக்லட் பெட்டியோடு சிரித்துக்கொண்டு வந்து இறங்கியிருப்பேன். நீங்கள் நோவை மறைத்துக்கொண்டு பாங்கு சொல்லப் போயிருப்பீர்கள்.

இந்த வீட்டில் மெடத்தின் வாப்பாவுக்கும் இதே வருத்தம். மாதம் ஒரு ஊசி, வயிற்றில் போடுகிறார்கள். மூத்திரப் பையை மாற்றுவது, கழுவித் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அவர் என்னை “மகளே” என்று கூப்பிட்டு எனக்காக துஆ கேட்கிறார். அதற்கு ஆமீன் சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. என் வாப்பாவுக்குச் செய்ய வேண்டியதை யாருடைய வாப்பாவுக்கோ செய்து சம்பளம் வாங்குகிறேன். ஆகையால் என்னிடம் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கத்தி வேண்டாம். பாங்கு சொல்லி ஊரெல்லாம் தெரிந்த மோதினார் நீங்கள். இந்த வயதில் ஒருவர் வாய்க்குள்ளும் விழ வேண்டாம். ஊசியே போடுவோம். வழி நான் பார்க்கிறேன்.

றஹீமா சொன்னதை மாஸ்டர் வெட்டாதது நல்லது. அதை வாசித்த அன்று குசினியில் இரண்டு கோப்பையை உடைத்துவிட்டேன்.

உங்கள் மகள்
மஸூதா


உக்குவளை
12.2.1998

மகள் மஸூதாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மாஸ்டரோடு பேச்சு வார்த்தை இல்லாததால் பதில் பிந்தியது. “கைநாட்டு வெக்கிறவன ஏமாத்துறது லேசுதானே மாஸ்டர்” என்று கேட்டுவிட்டேன். “ஓம், பிழைதான். ஆனா நீர் சொன்ன பொய்யை என்ர கையால எழுத வைச்சீரே, அதுக்கு ஆர் மன்னிப்புக் கேக்கிறது?” என்றார். நோன்புப் பெருநாளன்று வட்டிலாப்பம் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானமாகிவிட்டேன். இதையும் அவர்தான் எழுதுகிறார்.

‘வழி நான் பார்க்கிறேன்’ என்ற இடத்தில் அவரை நிறுத்தி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். போன முறையும் அடுப்படியில் நின்று இதே சொல்லைத்தான் சொன்னாய். அந்தக் கிழமையே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடிக்கப் போனாய். மகரகமவில் தங்கிக் கரண்ட் பிடிக்கச் செலவான பணம் உன்னுடையது. அதற்கு றஹீமா கொடுத்தது அவளுடைய உம்மாவை. இன்னொரு தரம் அது நடக்க விடமாட்டேன். அதனால் கத்திக்குச் சம்மதித்துவிட்டேன்.

முன்பு கத்தி வேண்டாம் என்றது நோவுக்குப் பயந்து இல்லை மகள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்க ஊரார் கொண்டுவரும் ஆடுமாட்டை அறுக்குமுன் பார்ப்பது என் வேலை அல்லவா? கண் பழுதா, கால் நொண்டியா, காது அறுந்ததா என்று பார்த்து, குறையுள்ளதைத் திருப்பி அனுப்புகிறவன் நான். நானே குறைப்பட்டு நின்று அல்லாஹ்வின் பேரால் ஊரைத் தொழுகைக்குக் கூப்பிடலாமா? அதுதான் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஜமால்தீன் மௌலவியிடம் கேட்கப் போனேன். அங்கே போனதும் வாய் வரவில்லை. ஆட்டைச் சாட்டிக் கேட்டேன்.

“ஒரு கெடா ஈக்கி. வருத்தத்துக்கு வெதை ரெண்டையும் எடுக்கணுமாம். பொறகு ஆகுமா?”

“தாராளமா ஆகும். வெதையெடுத்த கெடா குர்பானுக்கு ஆகும்தானே. யாருட ஆடு?”

“தெரிஞ்ச எடத்து ஆடுதான்.”

“வயசென்ன?”

“எழுபத்தொண்டு” என்று வாய் தவறிவிட்டது.

மௌலவி சிரிக்கவில்லை. “அந்த ஆடு பாங்கு சொன்னாலும் கூடும், மோதினார். பயப்படாமப் போகச் சொல்லுங்க. ப்ளேன்டீ ஒண்டு குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார்.

கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து வழியெல்லாம் செக்கிங். பஸ்ஸில் இறக்கி ஏற்றுகிறார்கள். அதனால் தேதி தள்ளிப்போய் மார்ச் தொடக்கத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசிக்கு ஒரு சதமும் தேடாதே. சித்திரையில் வா.

வாப்பா
(பெருவிரல் அடையாளம்)


குவைத்
16.2.1998

வாப்பா,

ஸலாம். பெருநாளும் போய்விட்டது, உங்கள் பதிலைக் காணவில்லை. நோவு கூடிவிட்டதோ, ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்களோ என்று நினைத்து நினைத்து எனக்கு வேலை ஓடவில்லை.

இன்னும் இரண்டு வருடம் நின்றால் உங்களுக்கான ஊசியை மாதாமாதம் இங்கே வாங்கி, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று மெடம் சொன்னாள். நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் அவளுடைய அலுமாரியில் இருக்கிறது.

றஹீமாவிடம் நீங்களே சொல்லுங்கள். என்ன சொல்லிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் என் மேல் வரட்டும். உங்களால்தான் உம்மா வரவில்லை என்று அவள் நினைக்கிற மாதிரி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மஸூதா


உக்குவளை
14.3.1998

என் மகளுக்கு,

ஸலாம். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரிய வேலை இல்லை. கைறுன்னிஸா மாமிக்கு ஹேர்னியா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கும் விளங்கும், கேட்கமாட்டாள்.

நான் வந்தபோது உன் கடிதம் எனக்காகக் காத்திருந்தது. மாஸ்டர் வாசித்துக்கொண்டு போனவர் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பெருநாளுக்கு முன்பே பதில் எழுதியிருந்தால் நீ கையெழுத்துப் போட்டிருக்கமாட்டாய். மாஸ்டரோடு வீம்பு பிடித்த அந்த நாட்களுக்கு உனக்கு இரண்டு வருடம். இதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிலருக்கு இரண்டு வருடம் அடங்கியிருக்கும், சிலருக்கு ஆறு மாதம்கூட இராது என்றார். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்.

குவைத்துக்குப் போய் வந்த பெண்களிடம் விசாரித்தேன். வீட்டில் வருத்தம் என்றால் விடமாட்டார்களாம். மவுத்து என்றால் விடுவார்களாம். அதனால் நான் மவுத்தாகப் போகிறேன். ‘வாப்பா மவுத்து, உடனே வா’ என்று தந்தி வரும்.

மாஸ்டர் துள்ளினார். “உயிரோட இருக்கிற மனிசனுக்கு நான் சாவுத் தந்தி அடிக்கிறதோ? நல்ல கதை!”

“நான் சொல்லாதத எழுதினீங்கதானே. இப்ப நான் சொல்றத எழுதுங்க.”

மாஸ்டர் பேனையைத் திறந்தார்.

ஊரில் யார் மவுத்தானாலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது நான். ஒருநாளும் ஆள் மாறி, பேர் மாறிச் சொன்னதில்லை. என்னுடையதையே பொய்யாகச் சொல்லப் போகிறேன். இதைக் கேட்க மௌலவியிடம் போகமாட்டேன். கூடாது என்பார், அது எனக்கே தெரியும். அல்லாஹ்விடம் கேள்வி கணக்கு என்னோடு இருக்கட்டும், உன்னோடு வேண்டாம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகுதான் தந்தி வர வேண்டும். ஆகையால் ஹஜ்ஜுப் பெருநாள் கழியும்வரை மாஸ்டர் பொறுத்திருப்பார். தந்தியைக் கண்டு நெஞ்சு பதறாதே. மெடத்துக்கு முன்னால் மட்டும் அழு. வாசித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அந்த வயதாளிக்கு என் ஸலாம் சொல்லிவிட்டு வா. உன் கையை அவரிடமிருந்து பறிக்கிறேன். அவருக்கும் ஒரு கை கிடைக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

றஹீமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் உம்மா வருவாள் என்றே இருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

நிஜமாகவே நான் போகிற அன்று ஒருவரும் தந்தி அடிக்க வேண்டியதில்லை. நீ அடுத்த அறையில் இருப்பாய்.

வாப்பா இத்ரூஸ்
(பெருவிரல் அடையாளம்)