‘வேண்டும்’ என்ற சொல்

மார்ச் 4, செவ்வாய்

பேருந்துப் பணிமனையிலிருந்து எங்கள் உளவியல் துறைக்கு, நிரப்பிய வினாத்தாள்கள் வந்துவிட்டன. தொண்ணூற்று நான்கு ஓட்டுநர்கள். ஒவ்வொருவருக்கும் நாற்பது வாக்கியங்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். காலையிலிருந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதினைந்து வருடமாக இதே வேலைதான். இருந்தாலும் முதல் தாளைப் பிரிக்கும்போது இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. முகம் தெரியாத ஒருவர், தனக்குள் எதை அடம்பிடித்து நம்புகிறார் என்பதை நாற்பது வட்டங்களில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளே கிழிந்திருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கூட்டிப் பார்த்தாயிற்று. 130-க்கு மேல் போனால் ‘அறிவுக்கு ஒவ்வாத நம்பிக்கைகள் மிகுதி’ என்று கணக்கு. தொண்ணூற்று நான்கு பேரில் அறுபத்தொரு பேர் 130-க்கு மேல்!

துறைப் பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பாத்தியாம்மா? நடந்தே தீரணும்னு மனசு முழுக்கக் கட்டளைதான்!”

பட்டியல் பணிமனைக்குப் போய்விட்டது. ஒப்பந்தமே அப்படித்தான், நானும் கையெழுத்துப் போட்டவள்தான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த அறுபத்தொரு பேருக்கும் ஸ்டியரிங் கிடையாது. வண்டி கழுவும் வேலை.

மார்ச் 10, திங்கள்

இன்று ஓர் ஓட்டுநர் நேராக என் அறைக்கே வந்துவிட்டார். பணிமனையில் அவருக்கு ‘ஹாரன் அக்கா’ என்று பெயராம். ஹாரனே அடிக்க மாட்டார் என்பதால். என் வயதுதான் இருக்கும். கையில் பணிமனை கொடுத்த கடிதம்.

“மேடம், நான் என்ன தப்பா எழுதிட்டேன்னு மட்டும் சொல்லுங்க.”

விதியில் இடமில்லை. ஆனாலும் அவர் தாளை எடுத்து எதிரே வைத்தேன். மொத்தம் 158.

“‘எல்லோரும் என்னை மதிக்க வேண்டும்’. அஞ்சு போட்டிருக்கீங்க.”

“ஆமா. வேணும்தானே?”

“மதிக்கலேன்னா?”

“மதிக்கலேன்னா என்ன மேடம், அவங்க ஸ்டாப் வந்தா இறங்கிடப் போறாங்க.”

சிரித்துவிட்டேன். அடுத்தது: ‘என் வேலையில் தவறே நேரக்கூடாது.’ அதற்கும் ஐந்து.

“நேரவே கூடாது மேடம். அம்பது உசிரு உக்காந்திருக்கு.”

“நேர்ந்துட்டா?”

கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்தார். “ஒரு தடவை நேர்ந்துச்சு. சைக்கிள்ல வந்தவருக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. என் தப்புதான், சைடு கண்ணாடியைப் பாக்கலை. ஆஸ்பத்திரியில போய் அவர் முன்னாடி நின்னேன், திட்டினாரு, வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஓன்னு அழுதேன். ஒரு வாரம் கழிச்சு வண்டி எடுத்தேன். கண்ணாடியை இப்போ ரெண்டு தடவை பாக்குறேன்.”

ஒரு மனம் இதைவிடச் சீராக இருக்க முடியுமா? இவருக்கா 158?

அவர் போன பிறகும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது கண்ணில் பட்டது — வேண்டும். தண்ணீர் வேண்டும் என்றால் தாகம். குழந்தை பிழைக்க வேண்டும் என்றால் பிரார்த்தனை. நீ வந்தாக வேண்டும் என்றால் கட்டளை. ‘கூடாது’ என்பதும் இப்படித்தான். மூல ஆங்கில வினாத்தாளில் ஆசைக்கு ஒரு சொல், கட்டளைக்கு ஒரு சொல். அந்த வித்தியாசத்தை அளக்கத்தான் வினாத்தாளே! தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் கொட்டியாயிற்று. நாங்கள் கேட்டது கட்டளையை. அவர்கள் சொன்னது ஆசையை.

இந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இடமா? பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒரு நாளாவது கவனித்தேனா?

மொழிபெயர்த்தது யாரு? நான்தான். ஐயோ, நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பேராசிரியரிடம் சொல்லவில்லை. அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து நானே நிரப்பினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. ‘என் வேலையில் தவறே நேரக்கூடாது’ — ஐந்து. நேர்ந்துட்டா? என்று என்னையே கேட்டேன். நேர்ந்தாயிற்று. இரண்டு நாளாக ஒளித்து வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கு பேரிடம் தேடிக்கொண்டிருந்த கட்டளை இங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, மூச்சுவிடாமல்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை வாக்கியத்துல?”

“இருபத்தாறு சார்.”

“போன வருஷக் கட்டுரை?”

“அதுவும் இதே தாள்தான் சார்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ உதட்டுக்குள் “வேணும்... வேணும்...” என்று பல தொனிகளில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், புதுச் சொல் கற்கிற குழந்தை மாதிரி. பிறகு பணிமனைக்கு அவரே போன் போட்டார். “பட்டியலைக் கிழிச்சுப் போடுங்க. தப்பு எங்க பேர்ல.”

மார்ச் 27, வியாழன்

இரண்டு வாரமாகப் பணிமனை கேன்டீனில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டாகப் பிரிக்கிறோம்: ‘மதித்தால் நன்றாக இருக்கும்’, ‘மதிக்காவிட்டால் என்னால் தாங்கவே முடியாது’. ஓட்டுநர்கள் படித்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஹாரன் அக்கா ஒன்பது வாக்கியங்களை அடித்துவிட்டார். “இது பேச்சு இல்ல மேடம், நோட்டீஸ்.”

ஏப்ரல் 9, புதன்

புதிய தாள். எல்லைக்கு மேலே அறுபத்தொன்று அல்ல, ஏழு. இந்த முறை பட்டியல் யாருக்கும் போகாது. அவரவர் முடிவு அவரவருக்கு மட்டும்.

அந்த ஏழில் ஒருவர், போன தடவை எதுவுமே வேண்டாதவர் போல வட்டமிட்டு எல்லோரையும்விடக் குறைவாக வாங்கியவர். பணிமனையில் அவரைப் போலச் சாந்தமானவர் இல்லை என்பார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: ‘இதை யாராவது கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.’ வெகு நேரம் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் துறையின் மனநல ஆலோசகரைப் பார்க்க நாளை வருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜூன் 18, புதன்

போன வருடக் கட்டுரைக்கான திருத்தக் குறிப்பு ஆய்விதழில் அச்சாகிவிட்டது. ‘மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை’ என்று முதல் வரியிலேயே, பக்கத்தில் என் பெயரோடு. தங்கை வாங்கிப் படித்தாள்.

“வெக்கமா இல்லையாக்கா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பசிக்குது. தட்டை எடு.”