பதினைந்தாம் வரிசை

ஜூன் 3, செவ்வாய்
ஐந்தாம் மாடி ப்ரீத்தியும் அவள் கணவன் ஜோஷுவாவும் இமயமலையில் இருக்கிற ஸ்பிதிக்குப் போகிறார்களாம். லிஃப்டில் வைத்துச் சொன்னாள். "அமலாக்கா, நீங்க ஒரு ஷீட் போட்டு வெச்சிருக்கீங்கள்ல, அனுப்புங்களேன்!"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். வயிறு எரிந்தது.

ஐந்து வருடமாகப் போட்ட எக்செல். எந்த ஊரில் எத்தனை நாள் தங்கினால் மூச்சு வாங்காது, பதினாலாயிரம் அடி உயரத்து லாங்ஸாவில் கடல் சிப்பி பதிந்த கற்கள் எங்கே கிடக்கும், சந்திரதால் ஏரி எந்நேரத்தில் நீலமாகும் - எல்லாம் என் உழைப்பு. நான்தான் போகவில்லை. ஒரு வருடம் என் கணவர் பாலுவுக்கு ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், ஒரு வருடம் பையனுக்குப் பத்தாவது, ஒரு வருடம் மாமியாருக்கு முழங்கால். இவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஸ்பிதி!

ஜூன் 5
அனுப்பிவிட்டேன். பதினைந்தாம் வரிசையை மட்டும் மறைத்துவிட்டு.

அது தங்கர் ஏரி. கிராமத்துக்கு மேலே ஒன்றரை மணி நேர ஏற்றம், வண்டி போகாது. குறிப்பில், 'இங்கே ஒரு மணி நேரம் யாருடனும் பேசாமல் உட்கார வேண்டும்' என்று எழுதி வைத்திருந்தேன். அதையுமா தூக்கிக் கொடுப்பது?

பதினாறு வருடமாக மகர்பட்டா ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். என் தப்பை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஜூன் 24
எங்கள் டவரின் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ப்ரீத்தியின் படங்கள். லாங்ஸாவில் உள்ளங்கையில் சிப்பிக் கல். 'பின்' என்கிற பள்ளத்தாக்கின் சரிவில் காட்டு ஆடுகள். நாற்பத்திரண்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு இதயம் போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

பாலு வேறு எட்டிப் பார்த்துவிட்டு, "பாரு, அந்தப் புள்ள நெனச்சா கெளம்பிருது. நீ ஷீட்டுல கலரடிச்சுட்டே இருக்கற" என்றார். யாராலய்யா நான் கெளம்பல? யாரால?

ஜூன் 26
தங்கர் மடாலயம் வந்திருக்கிறது. எட்டுப் படம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏரி இல்லை.

இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 28
சந்திரதால். நான் எழுதி வைத்த அதே நேரம், அதே நீலம். இவ்வளவு அழகா? ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 2
ப்ரீத்தி வந்தாள். மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. எனக்கென்று காய்ந்த ஆப்ரிகாட் ஒரு பை.

"அக்கா, தங்கர்ல மேல இருக்கற ஏரிக்கு மட்டும் நாங்க போகல."

எந்த ஏரி என்று கேட்டேன். கேட்டேனே!

"ஷீட்ல பதினாலுக்கு அப்புறம் பதினாறு வந்துச்சு. தெரியாம மறைஞ்சிருக்கும்னு தொறந்து பாத்தேன். உங்க குறிப்பைப் படிச்சதும், இது அக்கா தனக்குன்னு வெச்சிருக்காங்கன்னு தோணுச்சு. ஜோஷு போலாம்னான். நாந்தான் வேணாம்னுட்டேன். நீங்க மொதல்ல பாருங்க."

குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். டீ போடுகிறேன் என்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ச்சீ, என்ன பொம்பளடி நீ. அழிச்சிருந்தாலாவது பரவால்ல - மறைச்சு வெச்ச. நம்பர் தாவும்னு உனக்குத் தெரியாதா? அதுவும் உனக்கு?

ஜூலை 3
மன்னிப்புக் கேட்க ஐந்தாம் மாடிக்கு இறங்கினேன். "மழை நிக்கவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு
ஷீட்டைத் திறந்தேன். போகிறவர்கள் என்ற கட்டத்தில் ஐந்து வருடமாக 'நான், பாலு' என்று இருக்கிறது. இந்த வருடமாவது போகலாம் என்று பாலுவிடம் சொன்னேன். "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார், டிவியிலிருந்து திரும்பாமலே.

அவர் பெயரை அழித்தேன். செப்டம்பர் 12 என்று தேதி போட்டேன். 'அமலா' என்று எழுதி, கொஞ்ச நேரம் யோசித்து, பக்கத்தில் 'ப்ரீத்தி'. சந்திரதாலை அவள் முதலில் பார்த்துவிட்டாள் என்பது இன்னமும் எரிகிறது. எரியட்டும். ஷீட்டைக் கீழே அவளுக்கு அனுப்பி, "அன்னைக்கு வேணும்னேதான் மறைச்சேன்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஒரு நிமிடத்தில் பதில்: "தெரியும்க்கா. லீவு போட்டுட்டேன்."