சவுக்குத் தோப்புச் சனிக்கிழமைகள்

ஜூன் 5, வியாழன்

கம்பெனி டாக்டர் எனக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. மரம்! சனிக்கிழமை தோறும் காலையில் ஒரு குழுவோடு சவுக்குத் தோப்பில் போய் நடக்க வேண்டுமாம். "இயற்கையோட கொஞ்ச நேரம் இருங்க, மனசு தானா லேசாயிடும்" என்றார், ஜன்னலே இல்லாத ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்துகொண்டு. அவர் மேஜை மேல் ஒரு தொட்டிச் செடி இருந்தது. அவர் திரும்பிய நேரம் பார்த்து இலையைக் கிள்ளிப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

ஜனவரியில் சலவைக்கூடத்தில் ஸ்டீம் குழாய் வெடித்தது. என்னோடு வேலை பார்த்த நெட்டை செத்துப்போனாள். எனக்கு முதுகில் தோல் வெந்து உரிந்தது. அதற்கு மரம். பேஷான வைத்தியம்.

முடியாது என்று எழுந்து வந்திருப்பேன். ஆனால் நாத்தனார் ஒரே பிடியாக நிற்கிறாள். "நீ நல்லாயிட்டேன்னு டாக்டர் சொல்லட்டும். அன்னிக்கே பாப்பாவைக் கொண்டாந்து விடுறேன்." நான் பெற்ற பெண் என் வீட்டுக்கு வர டாக்டர் சீட்டு வேண்டுமாம். சரி. மரத்தைப் போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 7, சனி

போனேன். குழுவை நடத்துகிற அம்மாவுக்குக் குரல் தேனாய் வழிகிறது. தேன்குரல் என்றே பெயர் வைத்துவிட்டேன். செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். ஆளுக்கு ஒரு மரத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "இப்ப அது உங்ககிட்ட என்ன சொல்லுது, கேளுங்க."

என் மரத்தில் கட்டெறும்பு. அது என்ன சொன்னதோ, எறும்பு என் ரவிக்கைக்குள் போயே சொல்லிற்று.

பக்கத்து மரத்தில் ஒரு பெரியவர். பஸ் ஓட்டியவராம், ஒரு விபத்துக்குப் பிறகு தூக்கம் போய்விட்டதாம். மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடியே குறட்டை விட்டார். கொட்டாவிக்காரர் என்று அவருக்கும் ஒரு பெயர். அவருக்காவது உபயோகப்பட்டதே.

கடைசியில் வட்டமாய் உட்காரவைத்து, "இயற்கை நமக்குத் தாய் மாதிரி" என்றார் தேன்குரல். காக்கை ஒன்று சரியாக என் தோளில் எச்சமிட்டது. தாய்!

ஜூன் 8, ஞாயிறு

பாப்பாவைப் பார்க்க நாத்தனார் வீட்டுக்குப் போனேன். விருந்தாளி மாதிரி நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அடுப்படிப் பக்கம் போக விடவில்லை. "உனக்குத்தான் சத்தம் ஆகாதே" என்று கதவைச் சாத்தினாள். அக்கறையாம்.

பாப்பாவின் தாடையில் தழும்பு இப்போது வெள்ளைக் கோடாகிவிட்டது. நான் அதைப் பார்ப்பது தெரிந்ததும் கையால் மூடிக்கொண்டாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்த இங்கிதம் எதற்கு?

எழுதியே விடுகிறேன். எங்கள் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேரும் அன்றே ஒன்றைச் சொல்லித்தருவார்கள். 'உஸ்' என்று குழாய் சீறினால் யோசிக்காதே. பக்கத்தில் நிற்பவளைக் கீழே தள்ளு. ஆவி மேலேதான் போகும். அப்புறம் வால்வை மூடு. நானும் நெட்டையும் துணி தேய்க்கிற உருளை மெஷினில் ஒரே விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷம் நின்றவர்கள். அன்றைக்குச் சீறலை முதலில் கேட்டவள் அவள். என்னைத் தள்ளினாள். அவள் குனிவதற்குள் வெடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், பாப்பா அடுப்பருகே நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கர் சீறியது. நான் யோசிக்கவில்லை. தள்ளினேன். மேடையின் விளிம்பில் தாடை பட்டது.

நெட்டை செய்ததைத்தான் நானும் செய்தேன். இதை யாரிடம் சொன்னால் விளங்கும்?

ஜூன் 14, சனி

இன்று 'மௌன நடை.' மௌனமாய் நடங்கள் என்பதை அரை மணி நேரம் பேசி விளக்கினார் தேன்குரல்.

ஜூன் 21, சனி

மானம் போயிற்று.

தோப்பின் நடுவே வட்டமாய் நின்றிருந்தோம், கண்ணை மூடிக்கொண்டு. கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சவுக்கு மரத்துக்கு இலையா இருக்கிறது, ஊசி ஊசியாய்த் தொங்குகிறது. மொத்தத் தோப்பும் ஒரே நேரத்தில் சீறியது. உஸ்ஸ்ஸ் என்று. அப்படியே குழாய்ச் சத்தம்!

நான் எப்போது பாய்ந்தேன் என்று தெரியாது. தேன்குரலின் மேல் கிடந்தேன். "படுங்கடீ! வால்வு! வால்வை மூடுங்கடீ!" என்று கத்தியிருக்கிறேன். கொட்டாவிக்காரர் பாவம், அவரும் படுத்துவிட்டார். நிஜமாய் ஏதோ ஆபத்து என்று நினைத்தாராம்.

தேன்குரலின் கண்ணாடி இரண்டாய்ப் போயிற்று. முதல்முறையாக அந்த அம்மாள் தேனில்லாத குரலில் பேசினார். "எழுந்திரிங்க. என் மேல இருந்து எழுந்திரிங்க!"

ஜூன் 22, ஞாயிறு

முழங்கையில் சிராய்ப்பு. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தேன்குரல் போன் செய்தார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்க. குழுவுக்கு நீங்க இன்னும் தயாராகலைன்னு தோணுது." மரத்தடியில் சேர்த்துக்கொள்ளக்கூட லாயக்கில்லாதவளாம் நான். இயற்கை என்ன இவர் பாட்டன் சொத்தா? சீட்டில் 'தோப்பில் நடக்கவும்' என்றுதானே எழுதியிருக்கிறது. இவரோடு நடக்கவும் என்று இல்லையே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் எதற்கும் வாய் திறக்கிற ஆளில்லை. "தனியாவா போகப் போற?" என்றார். "ஏன், மரம் கடிச்சிடுமா?" என்றேன்.

ஜூலை 5, சனி

தனியாகப் போனேன். அந்த டாக்டருக்கும் தேன்குரலுக்கும் சேர்த்து இது சுத்தப் பித்தலாட்டம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை.

காற்று வந்தது. ஓடினேன். சாலை வரைக்கும் ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

செருப்பை எடுக்கப் போனேன். எடுத்தேன். வந்தேன்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அதை எழுதுவானேன்.

ஜூலை 19, சனி

இந்தத் தோப்பில் பார்க்க ஒன்றுமே இல்லை. பூ இல்லை, பழம் இல்லை. விறகுக்கு நட்டது. இதைப் போய் இயற்கை என்று கொண்டாடுகிறார்கள்.

மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெந்த இடம் பட்டையில் உரசி எரிந்தது. காற்று கிளம்பியது. கையில் கிடைத்த சருகைப் பிடித்துக்கொண்டேன், சருகைப் பிடித்து என்ன ஆகப்போகிறது! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சீறல் ஏறியது, இன்னும் ஏறியது, உடம்பெல்லாம் 'இப்போ, இப்போ' என்று காத்திருந்தது. அடங்கிவிட்டது. ஒரு காய் பொத்தென்று மடியில் விழுந்தது. அவ்வளவுதான்.

உடம்புக்கு ஒரே பாடம்தான் தெரியும். உஸ் என்றால் அடுத்தது வெடி. இங்கே உஸ் என்று வருகிறது, போகிறது. அடுத்தது ஒன்றுமில்லை. திரும்ப வருகிறது. அப்போதும் ஒன்றுமில்லை.

எரிச்சலாக இருந்தது. ஏமாந்த மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

கொஞ்சம் தைரியம் வந்துவிட்டதாக நினைப்பு. பரணிலிருந்து குக்கரை இறக்கி வைக்கச் சொன்னேன். இவர் ஆறு மாதமாகத் திறந்த பானையில்தான் சோறு வடிக்கிறார், ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கல். சரி, பார்ப்போம் என்று நின்றேன். முதல் சீறலுக்கே கொல்லைக் கதவு வழியாக அடுத்த வீட்டுச் சுவர் வரை போய்விட்டேன். இவர் ஓடிவந்து, "விடு, விடு, மேல வச்சிடுறேன்" என்றார். கையில் கரண்டி. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரிய சூரப்புலி நான். மரத்தை ஜெயித்தவள்.

ஆகஸ்ட் 16, சனி

மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று. தோப்பு முழுக்கப் பேயாட்டம். மரமெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொள்கிறது, முதுகில் அடிமரம் ஆடுகிறது. புத்தியுள்ளவர்கள் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். நான் இருந்தேன்.

அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டுக் கத்தினேன். "ஏண்டி என்னைத் தள்ளினே? நீ குனிஞ்சிருக்கலாமில்ல? உன்னை யாருடி கேட்டா?" யார் கேட்கப்போகிறார்கள், அவ்வளவு இரைச்சல். அழுது தீர்த்தேன். மூக்கெல்லாம் ஒழுக, நனைந்த நாய் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

நெட்டை இருந்திருந்தால், "மரத்துக்கிட்டப் போய் ஒப்பாரி வச்சியா? வெட்கங்கெட்டவளே" என்று சிரித்திருப்பாள். அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான், அவள் வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிந்துதான் எழுந்தேன். ஜனவரிக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை. ஜலதோஷம் பிடித்திருக்கிறது. இயற்கையின் அன்பளிப்பு.

செப்டம்பர் 6, சனி

பாப்பாவைத் தோப்புக்குக் கூட்டிப்போனேன். நாத்தனாரிடம் மல்லுக்கட்டித்தான். "வெளியிலதானே அண்ணி, அங்க அடுப்பா இருக்கு?" என்றேன். கூடவே வருவேன் என்று கிளம்பினாள். முள் காய் குத்தியது என்று சாலையிலேயே நின்றுகொண்டாள்.

பாப்பா காய் பொறுக்கினாள். நான் பெரிய ஞானி மாதிரி, "இப்ப காத்து வரும், உஸ்னு சத்தம் வரும், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, பாரு" என்று பெருமையடித்தேன்.

காற்று வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாப்பா சட்டென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் தாடையைப் பொத்திக்கொண்டாள். "தள்ளாதம்மா... நானே உக்காந்துட்டேன், தள்ளாதம்மா."

ஐயோ.

நான் என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மரத்தடியில் ராணி மாதிரி உட்கார்ந்து டாக்டரையும் தேன்குரலையும் நக்கலடித்துக்கொண்டு. குழந்தைக்கு யார் மருந்து எழுதினார்கள்?

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே நானும் உட்கார்ந்தேன். "பாரு, அம்மா கை பின்னாடி இருக்கு." அடுத்த காற்று வந்தது. போனது. அவள் விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

செப்டம்பர் 13, சனி

இருவரும் போனோம். கை பின்னால்.

செப்டம்பர் 20, சனி

போனோம். கையைக் கட்ட வேண்டாம் என்றாள். பிறகு, கட்டு என்றாள். கட்டினேன்.

செப்டம்பர் 27, சனி

காற்று சீறும்போது அவளும் கூடவே சீறுகிறாள், உஸ்ஸ்ஸ் என்று எச்சில் தெறிக்க. என்னையும் சீறச் சொன்னாள். இரண்டு பேரும் பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருந்தோம். தூரத்தில் தேன்குரலின் குழு போனது. புதுக் கண்ணாடி. எங்களைக் கண்டதும் வேறு பாதையில் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கொட்டாவிக்காரர் மட்டும் கையாட்டினார்.

அக்டோபர் 1, புதன்

டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னீர்கள்? ஒரு வரி எழுதினீர்கள். அந்தப் பிளாஸ்டிக் செடியில் தூசி படிந்திருந்தது, சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பாப்பா பெட்டியோடு வந்துவிட்டாள். குக்கரை அவளே இறக்கச் சொன்னாள். அடுக்களை வாசலில் கைகோத்து நின்றோம். ஒவ்வொரு விசிலையும் இரண்டு பேரும் சத்தமாக எண்ணினோம், இவர் அடுப்பை அணைக்கும் வரை. என் கை ஈரம், அவள் கை ஈரம். யாரும் யாரையும் தள்ளவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். நாத்தனார் வேறு வந்திருந்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். குறை கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில்.

"எத்தனை விசில்தான் விட்டே?"

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை கூடத்தில் உட்கார்ந்து அவள் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று அவள் கத்த, ஆடாதே என்று நான் கத்த, ஒரே சண்டை.

"நீ எண்ணினியாடி?"

"இல்லம்மா. நீ?"

நானும் எண்ணவில்லை.