அடுப்பிலிருந்து இறக்காத குண்டான்

துரை,

இன்று காலை என் மருமகள் பாயசத்தை அடிபிடிக்க விட்டுவிட்டாள். அந்தக் கருகல் வாசனை கூடத்துக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "இதுக்குப் போயி ஏன் அத்தை அழுவுறீங்க? வேற பண்ணிக்கலாம்" என்றாள். பாயசம் வேறு பண்ணிக்கொள்ளலாம். உங்களுடையதை எங்கே போய்ப் பண்ணுவேன்?

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் நீங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் ஆறு வருஷம் சமைத்தேன். கடைசி வருஷம் உங்களுக்கு வயிற்றில் கட்டி. கஞ்சி தங்கவில்லை, மோர் தங்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் சீமையிலிருந்து உங்கள் தங்கை அனுப்பிய டப்பா வந்தது. உள்ளே முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி இறுக்கிய பாகு, தேனைவிடக் கெட்டி. கூடவே கசப்புப் பூவும் ஈஸ்டும். உங்கள் அப்பா வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். "ஒரு டம்ளர் போதும், அம்மா. அப்புறம் போறேன்" என்றீர்கள். மதுவிலக்குக் காலம். வாசனை வெளியே போனால் நான் ஜெயிலுக்குப் போக வேண்டும். போனால் போகிறது என்று துணிந்தேன். அதற்கெல்லாம் துணிந்தவள்தான், ஒரு குண்டானை இறக்கத் துணியவில்லை.

கட்டிலில் படுத்தபடி மூன்று தரம் சொன்னீர்கள்: "தண்ணி கொதிச்சதும் கீழே இறக்கு. பாகு ஊத்தி நல்லா கலக்கு. கரைஞ்ச அப்புறம் ஏத்து." தலையாட்டிவிட்டுப் போனேன். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், படுக்கையில் ஆள் கிடக்கும் வீட்டில் கொதிக்கிற பானையைப் பாதியில் இறக்க மாட்டார்கள். இறக்கினால் அந்த உயிரும் இறங்கிவிடும் என்பார்கள். குண்டானைத் துணியால் பிடித்தவள் அப்படியே விட்டுவிட்டேன். வெல்லம் கரைகிற மாதிரி இதுவும் கரையாதா என்று அடுப்பிலேயே ஊற்றினேன். பாழாய்ப்போன பாகு நேரே அடியில் போய் உட்கார்ந்தது. விறகை இழுத்தேன், கரண்டியால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கறுப்புத்தான் மேலே வந்தது.

"அம்மா, அடி பிடிச்சுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள்.

"இல்லீங்க துரை. வெறகுப் புகைங்க" என்றேன்.

வேறு டப்பா கப்பலில் வர மாதக்கணக்காகும். உங்களுக்கோ நாள் கணக்கு. வழி தெரியாமல் அதையே ஆறவைத்து ஜாடியில் ஊற்றி, ஈஸ்டைப் போட்டு மூடினேன். அது நுரைத்து அடங்குகிற வரைக்கும் நீங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அண்ணாமலையாரை வேண்டாத நாளில்லை, அந்தக் கருகல் மட்டும் போய்விட வேண்டும் என்று. போகவில்லை. ஒரு வாய் வைத்தீர்கள். விழுங்க முடியாமல் துண்டில் துப்பினீர்கள்.

"ஏம்மா இறக்கலை?"

என்னவென்று சொல்வேன்? இறக்கினால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று பயந்தேன் என, சாகக் கிடக்கிற மனுஷரிடம் எப்படிச் சொல்வேன்? துண்டை வாங்கி உங்கள் வாயைத் துடைத்துவிட்டேன். "பரவாயில்லை, அம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு பாயசத்துக்கு வெல்லப்பாகு ஊற்றுமுன்கூடப் பாத்திரத்தை இறக்கிவிடுகிறேன், வீட்டில் யார் படுத்திருந்தாலும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோதும் இறக்கினேன். பேரன் டைபாய்டில் கிடந்தபோதும் இறக்கினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, துரை.