த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம்

12.9.2020, சனி

இந்த வாரம் த்ரீ பேஸ் காலை முறை. விடிந்ததுமே மோட்டார் கொட்டகைக்கு வந்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறது. மற்ற நேரத்தில் கிதார் ஆம்ப்பைப் போட்டால் பாட்டைவிட உறுமல் ஜாஸ்தி. அப்பா வரப்பில் நின்று, "இலவச கரண்டு வெள்ளாமைக்குக் குடுத்தாங்க, நீங்க கத்தறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பேண்டுக்குப் பெயரும் அதனால்தான் வந்தது. 'த்ரீ பேஸ்'. நான் கிதார். ராப் பாடுவது வீரமணி, எழுதுவதும் அவன்தான். டிரம்ஸ் அம்மாசி. அவன் கல்வராயன் மலைக்காரன், கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் மெக்கானிக் கடையில் இருக்கிறான். மூவரும் ஒரே காலேஜ், மூவருக்கும் படித்த வேலை கிடைக்கவில்லை. "ஒரு பேஸ் போனாக்கூட மோட்டார் ஓடாது" என்று அம்மாசி சொன்னான். பெயர் முடிவாயிற்று.

அம்மா டீ கொடுத்தனுப்பினாள். நைனார்பாளையம் கடைத்தெருவில் பேப்பர் கப் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலனி ஆட்களுக்கு டம்ளர் வேறு. வீரமணிக்கு மட்டும் அந்த டம்ளர் வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அம்மாவோடு சண்டை போடவும் தெம்பில்லை. அதனால் எல்லாருக்கும் பேப்பர் கப். நானும் அதில்தான் குடிக்கிறேன். நல்ல யோசனைதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

4.10.2020

வீரமணி புதுப் பாட்டு கொண்டுவந்தான்.

எங்காத்தா நட்ட நாத்து
எவன் வூட்டுச் சோறு?
காலனிக்கு ஒரு பாதையாம்,
காட்டுடா எனக்கு நீ யாரு?
பங்கு எங்கடா? எம் பங்கு எங்கடா?

கடைசி வரியை அவன் கத்தும்போது அம்மாசி டிரம்ஸை நிறுத்திவிடுகிறான். வெறும் குரல். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவன் அம்மா குஞ்சம்மாள் எங்கள் வயலில்தான் நடவுக்கு வருவார். எவன் வீட்டுச் சோறு என்றால் எங்கள் வீட்டுச் சோறுதான். தலையைக் குனிந்து கிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரமணி சிரித்துவிட்டான். "இன்னாடா அரசு, வாசிக்கிறியா, வலிக்குதா?"

இரண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். டியூன் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

8.11.2020

தியாகதுருகம் மலைமேல் ஏறி, அம்மாசியின் போனில் வீடியோ எடுத்தோம். வெயிலில் மூவரும் கருகிப்போனோம். வீரமணி கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்று பாட, கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, வுழுந்துடப் போற, எறங்கு" என்று கத்தினார். அந்தக் குரலும் வீடியோவில் பதிவாகிவிட்டது. அதை நீக்கவேண்டாம், இருக்கட்டும் என்றான் வீரமணி.

20.12.2020

வெள்ளிமலையில் முதல் மேடை. மேடை என்றால் டெம்போவின் பின்பக்கம், ஒரு ஜெனரேட்டர். என்ன குளிர்! விரல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள். "பங்கு எங்கடா" என்றதும் பெண்கள் கூட்டத்திலிருந்து "எங்கடா" என்று பதில் வந்தது பாருங்கள், வீரமணிக்கு அடுத்த வரி மறந்துபோய்விட்டது. இரண்டாம் முறை பாடச் சொன்னார்கள்.

இறங்கி வரும்போது மெயில் பார்த்தோம். சென்னையில் மார்ச் மாதம் தனி இசைக்குழுக்களுக்கு ஒரு விழா. எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி மூவரும் ஆடினோம்.

17.1.2021

சின்னராசு மாமா வந்திருந்தார். சாதிச் சங்கத்தில் இப்போது அவர்தான் எங்கள் பக்கத்துக்கு எல்லாம். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம், மனு. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. வருகிற ஞாயிறு எங்கள் ஊரிலும் கூட்டம்.

"மாப்ள, அந்தப் பங்கு எங்கடா பாட்டு இருக்குதே, நமக்குன்னே எழுதுன மாரி இருக்குது. மேடைல பாடிடு."

"அது வீரமணி எழுதுனது மாமா."

"எழுதிக்கினு போறான். நீதான மெட்டுப் போட்ட? அந்த நாத்து, காலனி, அதெல்லாம் எடுத்துடு. பங்கு எங்கடா மட்டும் போதும்." அப்புறம் என் தங்கச்சியைக் காட்டினார். "அபிநயா பன்னெண்டாவது. யாருக்குடா கேக்கறோம்? இவளுக்குத்தான்."

அபிநயா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். வீரமணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

20.1.2021

சொல்லவில்லை.

23.1.2021

போனை எடுத்தேன், வைத்தேன். நாளைக்குப் பாடியபிறகு சொல்லிக்கொள்ளலாம். அவன் புரிந்துகொள்வான். புரிந்துகொள்வானா?

24.1.2021

பாடிவிட்டேன்.

25.1.2021

நேற்று எழுதக் கை வரவில்லை. நல்ல கூட்டம். காலனி வரிகள் இருந்த இடத்தில் "எங்க ஊரு, எங்க மண்ணு" என்று எதையோ போட்டு ஒப்பேற்றினேன். "பங்கு எங்கடா" என்றதும் கூட்டம் திருப்பிக் கத்திற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வெட்கமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. மாமா துண்டு போர்த்தினார். "யாரு எழுதுனது தம்பி?" என்று ஒருவர் கேட்டபோது சிரித்தேன். சும்மா சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை.

வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடுகிறது. எங்கள் வீட்டைப் பார்த்து அவன் கேட்ட கேள்வியை, எங்கள் வீடே கேட்கிற மாதிரி பாடிவிட்டேன். தூ.

26.1.2021

வீரமணி கொட்டகைக்கு வந்தான். தன் மைக்கை எடுத்துப் பையில் போட்டான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா. உன் தங்கச்சிக்குன்னா வேற பாட்டே எழுதிக் குடுத்திருப்பேன். ஆனா எங்காத்தாவ வெட்டிட்டுப் பாடுன பாத்தியா..."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் பார்வை ஓரத்தில் கிடந்த பேப்பர் கப் கட்டின்மேல் போயிற்று.

"அது எதுக்குன்னு மொத நாளே தெரியும். போவட்டும், இவனாவது வெக்கப்படறானேன்னு குடிச்சிக்கினு இருந்தேன்."

வாசலுக்குப் போனவன் திரும்பி, "வரேங்க" என்றான். எனக்கு! ங்க போட்டான். அடித்திருக்கலாம்.

26.2.2021

சட்டசபையில் எங்கள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிவிட்டது. ஊரில் வெடிச் சத்தம் காதைப் பிளக்கிறது. அம்மா கேசரி கிண்டினாள். அபிநயா மாமா காலில் விழுந்தாள். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் இருக்கக்கூடாது? எங்கள் ஆட்களிலும் கரும்பு வெட்டிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், படிக்க வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டது தப்பில்லை. எவன் பாட்டைப் பிடுங்கிக் கேட்டேன் என்பதுதான் தப்பு.

என் கேசரியை அபிநயா தட்டில் போட்டுவிட்டேன்.

14.3.2021, சென்னை

அம்மாசி வந்தான். "ஒத்துக்கினதுக்காக வரேன். இதோட செரி" என்றான். ராப்பை நானே பாடினேன். எனக்கு மூச்சு நிற்கவில்லை, வார்த்தை வழுக்குகிறது. முதல் பாட்டிலேயே ஜனம் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெண், "பங்கு எங்கடா பாடுங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "அது அந்தச் சாதிக் கூட்டத்துப் பாட்டுதானே?" என்றான். மைக் என் கையில்தான் இருந்தது. இல்லை, அது வீரமணி பாட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினோம். அம்மாசி டீ வாங்கிக் கொடுத்தான். "ரெண்டு பேஸுல கன்டென்சர் போட்டு மோட்டார ஓட்டலாம். ஓடும். காயில் வெந்துடும்" என்றான். அப்புறம் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டான், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தான்.

19.6.2021

கன்டென்சர் போட்டு ஓட்டி, நிஜமாகவே மோட்டார் வெந்துவிட்டது. அப்பா திட்டித் தீர்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

1.11.2021

ஐகோர்ட்டில் ஒதுக்கீட்டுச் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். வீட்டில் யாரும் டிவியை நிறுத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அபிநயா கள்ளக்குறிச்சியில் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள். "எனக்கு இதுவே போதும், ஆளாளுக்கு மூஞ்ச தூக்கிவெச்சிக்காதீங்க" என்றாள்.

7.11.2021

மாமா வந்தார். மறுபடியும் கூட்டமாம், அதே பாட்டாம்.

"அது என் பாட்டு இல்ல மாமா."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன தடவ பாடுன?"

"பாடுனது தப்பு. அது நம்ம வூட்டப் பாத்துக் கேட்ட பாட்டு மாமா. குஞ்சம்மா நட்ட நாத்து. நாம தின்ன சோறு."

மாமா முகம் செத்துவிட்டது. அம்மா சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு உன் கல்யாணத்துக்கு அவனே வந்து முன்ன நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதையே ஜனவரியில் சொல்லியிருக்கலாம். அப்போது கூட்டம் இருந்தது, துண்டு இருந்தது. இப்போது சொல்லி யாருக்கு லாபம்?

16.1.2022

வீரமணியும் அம்மாசியும் புதுப் பாட்டு போட்டிருக்கிறார்கள். வெள்ளிமலைப் பக்கம் எடுத்தது. கிதார் இல்லை. நன்றாக இருக்கிறது. கிதார் இல்லாமலே நன்றாக இருக்கிறது என்று எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது.

31.3.2022

டில்லி கோர்ட்டிலும் ரத்துதான். மாமா இன்னும் பேசுவதில்லை.

10.4.2022, ஞாயிறு

அம்மாசி போன் செய்தான். வெள்ளிமலையில் மேடை, அவர்களுடைய ஆம்ப் புகைந்துவிட்டது, என்னுடையது வேண்டும். வந்து எடுத்துக்கொள் என்றேன். "நீ எடுத்தா. அவன் வூட்டுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

டிவிஎஸ்ஸில் ஆம்ப்பைக் கட்டிக்கொண்டு போனேன். எத்தனையோ தடவை வீரமணி எங்கள் கொட்டகைக்கு வந்திருக்கிறான். அவன் வீட்டு வாசல்படியை நான் இன்றைக்குத்தான் மிதிக்கிறேன். தெருமுனையிலேயே கால் தயங்கிற்று. இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வீரமணி ஆம்ப்பை வாங்கி உள்ளே வைத்தான். "வாங்க" என்றான். அம்மாசி தரையில் உட்கார்ந்து டிரம்ஸுக்குத் தோல் மாட்டிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொல்லிவிட்டேன். சென்னையில் சொல்லாமல் விட்டது, மாமாவிடம் சொன்னது, அந்தச் சிரிப்பு, எல்லாம். குரல் உடைந்துவிட்டது. வீரமணி வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

குஞ்சம்மாள் டீ கொண்டுவந்தார். "குந்துங்க தம்பி, ஏன் நின்னுக்கினே இருக்கீங்க?" வீரமணிக்கும் அம்மாசிக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப். புதுசு. கட்டைப் பிரித்த காகிதம்கூட அடுப்பு மேடையில் கிடந்தது.

"நீங்க வரீங்கன்னு கடைக்குப் போயி வாங்கியாந்தேன். உங்க வூட்டுல எல்லாருமே இதுலதான் குடிப்பீங்களாமே? வீரமணி சொல்லிக்கினு இருப்பான். அரசு வூட்டுல வித்தியாசமே இல்லம்மா, எனக்கும் அதே கப்புதான்னு."

வெறும் அன்பாகச் சொன்னார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மொத நாளே தெரியும் என்றானே. தெரிந்தும் தன் அம்மாவிடம் என்னை நல்லவனாக்கி வைத்திருக்கிறான். நான் அவன் அம்மாவைப் பாட்டிலிருந்து வெட்டினேன்.

"எனக்கும் டம்ளர்லயே குடுங்கம்மா."

"இன்னா தம்பி, கப்பு ஒழுவுதா?"

"ஆமாம்மா" என்றேன். இதிலும் பொய்! அவ்வளவு பேசி அழுதுவிட்டு, அடுத்த மூச்சிலேயே பொய்!

வீரமணி எழுந்து வந்தான். என் கையிலிருந்து கப்பை வாங்கி, தூக்கி அடியைப் பார்த்தான்.

"எங்கடா ஒழுவுது?"

டா. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு.

"ஒழுவலம்மா" என்றேன். "எங்க வூட்டுல டம்ளர் இருக்குது. நாங்க டம்ளர்லதான் குடிப்போம். அவன் வரப்ப மட்டும்தான் கப்பு."

குஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் ஆம்ப்பில் வயரைச் செருகிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போனார். கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்தார். கழுவி வைத்த டம்ளர்தான். எனக்காக அதை இன்னொரு முறை கழுவினார்.