புதுத் துரையின் கோப்பைக்குக் கீழே

கோலா சாவா ரப்பர் தோட்டம்
ஐப்பசி, 1943

அன்பு மகள் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. மரவள்ளிக் கிழங்கு தின்று உயிரோடு இருப்பதை நலம் என்று சொல்லலாமென்றால் நானும் அப்பாவும் நலம். தைப்பிங் ஆஸ்பத்திரி வேலையில் நீயும் வேளைக்கு ஏதாவது சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படிப்பார்கள், அதனால் இதை லாரி ஓட்டும் நல்லசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தோட்டத்துப் புதுத் துரையிடம் நான் வம்பு செய்ததாகக் கேள்விப்பட்டு, ஒரு மேசைக்காக அடி வாங்காதே என்று எழுதியிருக்கிறாய். நடந்ததை நானே சொல்கிறேன். அந்த ஜப்பானியர் நம் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது கொதிக்கும் வரக்காப்பிக் கோப்பையை நம் மேசையில் அப்படியே வைத்தார், வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது, தேங்காயெண்ணெய் தேய்த்தும் போகவில்லை. நாற்காலிகளை ஜப்பானியர் முன்பே தூக்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இந்த மேசையும் பெஞ்சும்தான். விருந்தாளியின் கோப்பைக்குக் கீழே ஏதாவது வைப்பது இந்த வீட்டு வழக்கம், வெள்ளைக்காரத் துரைக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மாயாண்டிக்கும் ஒரே மாதிரிதான் வைத்தேன், இவருக்கு மட்டும் ஏன் விட வேண்டும். துணி கிடைக்காத காலம், ஆகவே வாங்க ஆளில்லாமல் புகைக்கொட்டகையில் கிடந்த ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை அவர் கோப்பையை வட்டத்திலிருந்து நகர்த்தி வெறும் மரத்தில் வைத்தார். நான் அதைத் தூக்கித் திரும்ப வட்டத்தின்மேல் வைத்தேன். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். துரை என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்க எடுத்தார், சூட்டில் இளகிய ரப்பர் கோப்பையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து அவர் மடியில் விழுந்தது. சென்னையில் பி.ஏ. படித்து, இருபது வருஷம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் பாடம் நடத்தியவளுக்கு அது இளகும் என்று தோன்றவில்லை பார். அவர் எழுந்துவிட்டார். ரந்தா டவுனில் கடை வைத்திருந்து இப்போது அவருக்கு மொழிபெயர்க்கும் காதர் மைதீன், இது என்னவென்று துரை கேட்கிறார், பார்த்துப் பதில் சொல்லுங்கள் டீச்சரம்மா என்றார். நான் சொன்னேன்: "வந்தவங்க போயிடுவாங்க, மேசை இங்கதான் இருக்கும். அதனால வச்சேன்னு சொல்லுங்க."

காதர் மைதீன் ஏதோ நீளமாகச் சொன்னார். துரை ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே மேசையில் போட்டு அதன்மேல் கோப்பையை வைத்தார். பிறகுதான் தெரிந்தது, பெரிய மனிதர்களின் கோப்பைக்கு மட்டும் நாங்கள் போடும் ஆசனம் அது என்று காதர் மைதீன் சொல்லியிருக்கிறார். "ஒங்க கன்னத்துல அறை விழாமக் காப்பாத்தத்தான் சொன்னேன் லா" என்று சிரிக்கிறார். அப்பாவும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, இனி வட்டத்தைத் துரைக்கு மட்டும் வை, வேறு யாருக்காவது வைத்து அவர் கண்ணில் பட்டால் ஆபத்து என்கிறார். அதுதான் என்னால் முடியாது செல்லம். அப்படி மாற்றினால் மேசையையே தூக்கிக் கொடுத்த மாதிரி. நேற்று மாயாண்டி வந்தார், அவருக்கும் வைத்தேன். வெள்ளிக்கிழமை துரை வருகிறார். அன்று வேறு யாரையும் இதில் மாட்டிவிட மாட்டேன், எனக்கே ஒரு கோப்பை ஊற்றி, அதற்கும் ஒரு வட்டம் போட்டு, அவர் எதிரில் உட்காரப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எந்தக் கையும் உன்மேல் ஓங்காமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். நோயாளிகளைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு. படித்ததும் இதை அடுப்பில் போட மறக்காதே. எனக்காகப் பயப்படாதே, வட்டங்களுக்கு மரவள்ளி மாவு தடவி வைத்திருக்கிறேன், இந்த முறை ஒட்டாது.

உன் அம்மா,
லெட்சுமி